ஆறு மாசம் ஆனவர்களைக் கேட்கும் கண்டக்டர்

திருமூர்த்தி அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தது அன்னூரிலிருந்து காந்திபுரம் போகும் காலை ஏழு இருபது தனியார் பேருந்தில். அப்போது நான் இஞ்சினியரிங் கடைசி வருடம். முந்தின வாரம்தான் அப்பா எனக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருந்தார். அதை நான்கு பேர் பார்க்கட்டும் என்றே கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் காசை நீட்டினேன். அவர் காசைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இது வாங்கி எத்தனை மாசமாச்சுங்க?"

"ஒரு வாரந்தாங்க ஆச்சு" என்றேன், பெருமையாக.

"அப்ப வேண்டாங்க. ஆறு மாசங் கழிச்சுக் கேட்டுக்கறேன்" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். எனக்கு முகம் தொங்கிப்போனது.

சரியாக ஆறு மாதம் கழித்து, நான் மறந்தே போயிருந்த ஒரு நாளில், கேட்டார். "தம்பி, இப்ப சொல்லுங்க. சாயங்காலம் காலேஜ் உட்டு வாரப்ப எத்தனை பர்சன்ட் நிக்குது? சட்டப் பையில வெச்சா சூடு தெரியுதா? உங்க தங்கச்சிக்கு வாங்கறதா இருந்தா இதையே வாங்குவீங்களா?"

மூன்றாவது கேள்வி வந்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பேட்டரி மத்தியானமே படுத்துவிடும் என்பதை அப்பாவிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு அது தெரிந்துவிட்டது. "செரி, உடுங்க" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

அந்த மூன்று கேள்விகள்தான் அவருடைய வேலைமுறை. பத்தாவது வரை படித்தவர், வயது முப்பத்தெட்டு இருக்கும். கண்டக்டர் பையை மாட்டி பதினான்கு வருடம். அன்னூருக்கும் காந்திபுரத்துக்கும் நடுவில் ஒரு நாளைக்கு ஆறு நடை. ஒரு நடைக்கு எழுபது எண்பது பேர், எல்லார் கையிலும் போன். யார் எந்த மாடல் வைத்திருக்கிறார்கள், எப்போது வாங்கினார்கள், எதற்காக நொந்துகொள்கிறார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கோவில்பாளையத்தில் ஏறும் டீச்சரம்மாவின் போனில் விளம்பரம் வந்து தொல்லை பண்ணுகிறது, சரவணம்பட்டியில் இறங்கும் பெண்ணின் போனில் எட்டாவது மாதம் திரையில் பச்சைக் கோடு விழுந்தது, கணபதி லேத்துப் பட்டறைக்காரர் மூன்று தடவை கீழே போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாவற்றையும் நினைவு வைத்திருப்பார்.

ஆறு மாதத்துக்குள் சொல்லும் எந்தக் கருத்தையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்டால், "கண்ணாலமாயி ஆறே மாசத்துல மாமியாரைப் பத்திக் கேட்டா எந்தப் புள்ளைங்க உண்மையச் சொல்லும்?" என்பார்.

இதனால் எங்கள் தடத்தில் போன் வாங்குகிறவர்கள் கடைக்குப் போகும் முன் அந்தப் பேருந்தில் ஏறினார்கள். "கே-12 வாங்கறதா, கே-12 ப்ளஸ் வாங்கறதா, ப்ரோ வாங்கறதாங்க?" என்று கேட்பார்கள்.

"மூணும் அண்ணந் தம்பிங்க. ஒரே அச்சு. மூத்தவனுக்குச் சட்டை கொஞ்சம் பளபளன்னு இருக்கும், அதுக்கு ரெண்டாயிரம் சேத்திக் கேப்பாங்க. பொறத்தால நாலு கண்ணு இருக்குதேன்னு மயங்காதீங்க. அதுல ரெண்டு கண்ணு திருஷ்டிக்கு வெச்சது, படம் புடிக்காது. நீங்க படம் எடுத்து என்ன பண்ணப் போறீங்க? மாட்டு யாவாரிக்கு மாட்டை எடுத்து அனுப்போணும், பேத்தி மொகத்தைப் பாக்கோணும். அதுக்குச் சின்னவனே போதும். தீபாவளி நோம்பிக்கு வெலை எறங்கும், பொறுத்து வாங்குங்க. டப்பாக்குள்ள சார்ஜர் இருக்குதான்னு பாத்துப்போட்டுக் காசக் குடுங்க."

இத்தனையும் சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழிப்பார், விசில் அடிப்பார். அவர் சட்டைப் பையில் இருப்பதோ மூலை உடைந்த ஐந்து வருடத்துப் போன். தினமும் வாழையிலைக் கட்டுடன் பின்வாசலில் ஏறும் செங்கோடன் இதைச் சொல்லிச் சொல்லி வம்பிழுப்பார். "ஊருக்கெல்லாம் போன் சொல்ற ஆளு வெச்சிருக்கற போனைப் பாருங்கய்யா!"

"சமையக்காரன் ஊட்டுல பழைய சோறுதானுங்க" என்பார் திருமூர்த்தி அண்ணன்.

படிப்பு முடித்து சரவணம்பட்டியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தபின் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டிப் படிக்க வைத்தார். நான் பட்டம் வாங்கிய போட்டோ டிவிக்கு மேலே சாமி படங்களுக்குச் சமமாகத் தொங்குகிறது. அதனால் பேருந்தில் பிராசஸர், ரேம், நானோமீட்டர் என்று அவரோடு வாதம் செய்வேன். ஒரு நாள் அவர் சொன்னார்: "தம்பி, நீங்க டப்பா மேல எழுதியிருக்கறதைப் படிச்சிருக்கீங்க. நான் டப்பாவைத் தூக்கிப் போட்டவங்களைக் கேக்கறனுங்க." பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அது மனதில் கிடந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதற்குப்பின் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

போன பங்குனியில் எங்கள் ஊர் சின்னாத்தாள் அக்காவின் பட்டன் போன் மாட்டுத் தண்ணித் தொட்டியில் விழுந்துவிட்டது. அக்காவுக்கு ஐம்பது வயது. கணவர் காளிச்சாமி மாமா தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்துப் படுத்திருந்தார். மகள் யுவஸ்ரீ திருச்சியில் நர்சிங் படிக்கிறது. அப்பாவின் காலை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று ஒரே அடம். அதனால் இந்தத் தடவை தொடுதிரைப் போனே வாங்கிவிடுவது என்று முடிவானது.

அக்கா வாரத்தில் இரண்டு நாள் கத்தரி, தக்காளிக் கூடைகளை அந்தப் பேருந்தில் ஏற்றிவிடுவார். அதனால் திருமூர்த்தி அண்ணனை நன்றாகத் தெரியும். அவர் எப்போதும் சொல்வதையே சொன்னார். "கே-12 எடுங்கக்கா, ப்ளஸ்ஸு வேண்டாம். பன்னெண்டாயிரத்துக்கு மேல ஒரு ரூவா குடுக்காதீங்க. இருபத்திரண்டு பேருகிட்டக் கேட்டுப்போட்டேன், எல்லாம் ஆறு மாசம் தாண்டுனவங்க." அந்த வாரமே ஊரில் இன்னும் நான்கு வீடுகள் அதே மாடலை வாங்க ஏற்பாடு செய்திருந்தன.

அன்னூர்க் கடையில் வாங்கிய போனை அக்கா நேராக என்னிடம்தான் கொண்டுவந்தார். ஊருக்கு ஒரு இஞ்சினியர் இருக்கும்போது வேறு யார் செட் பண்ணித் தருவது? பழைய சிம்மை முதல் ஓட்டையில் போட்டேன். பேருந்து நிலையத்தில் குடை விரித்து விற்றவர்களிடம் அக்கா இன்னொரு சிம்மும் வாங்கியிருந்தார், நெட்டுக்கு. அதை இரண்டாவது ஓட்டையில் போட்டேன். "இது யுவாகிட்ட வீடியோ பேசறதுக்குங்கக்கா" என்று சொல்லிக் கொடுத்தேன். அக்கா கையில் நான்கு முறுக்கைத் திணித்துவிட்டுப் போனார்.

மறுநாள்தான் சிக்கல் ஆரம்பித்தது. அக்காவின் காடு ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மோட்டார் ரூமில் சிம் போட்ட ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி உண்டு. மூன்று பேஸ் கரண்டு வரும் நேரத்தில் வீட்டிலிருந்தே அந்தப் பெட்டிக்குப் போன் அடித்தால் இரண்டு தடவை மணி அடித்ததும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓடவிடும். எங்கள் பக்கம் காடு வைத்திருக்கிறவர்கள் பாதிப் பேருக்கு இதுதான் பழக்கம். அன்று அக்கா புதுப் போனில் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டி எடுக்கவில்லை.

தக்காளி நாற்று நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பங்குனி வெயில். வீட்டில் எழுந்து நடக்க முடியாத மனிதர். அக்கா ஓட்டமும் நடையுமாகக் காட்டுக்குப் போய்க் கையால் மோட்டாரைப் போட்டுவிட்டு, திரும்ப ஓடிவந்து மாமாவுக்குச் சோறு போட்டார். இரண்டாம் நாள் அவர் போய்ச் சேர்வதற்குள் கரண்டு போய்விட்டது. ஒரு பாத்தி முழுக்க நாற்று தலை சாய்ந்து கிடந்ததாம்.

சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இது 5ஜி போனுங்கக்கா. அந்தப் பெட்டி பழைய 2ஜி. ரெண்டும் ஒத்துவராது. இந்த மாடலை எடுத்திருக்கவே கூடாது" என்றேன். "யாரு சொல்லி வாங்குனீங்க?" என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு பேச்சு பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் சொன்ன "ஒத்துவராது" ஞாயிறு காலையில் "கே-12 மோட்டார் எடுக்காது" என்று ஆனது. மத்தியானம் நான்கு வீட்டுக்காரர்களும் வாங்குவதை நிறுத்தினார்கள். சாயங்காலம் "கடைக்காரன் கண்டக்டருக்குக் கமிஷன் குடுத்து விக்கச் சொல்லியிருக்கறான்" என்று டீக்கடையில் பேசினார்கள். "இஞ்சினியர் தம்பியே சொல்லிப்போட்டாப்ல" என்பது எல்லாவற்றுக்கும் சாட்சி. கமிஷன் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பேருந்தில் செங்கோடன் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "ஏனுங் கண்டக்டரே, ஒரு போனுக்கு எத்தனை தராங்க? எலை யாவாரத்தை உட்டுப்போட்டு நானும் வந்தர்றேன்."

நான்கு பேர் சிரித்தார்கள். திருமூர்த்தி அண்ணன் சிரிக்கவில்லை. என்னருகே வந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, 5ஜி போன்ல இருந்து என்ற அம்மாவோட பட்டன் போனுக்குப் பேசறாங்களே. அது மட்டும் எப்படிங்க ஒத்துவருது?"

நல்ல கேள்வி. "அது வேறங்கண்ணா, உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றேன்.

அன்றைக்கும் மறுநாளும் அவர் யாரிடமும் எந்த மாதம் வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. டிக்கெட், மீதிச் சில்லறை, விசில், அவ்வளவுதான். சரவணம்பட்டிப் பெண் புதுப் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றது. அதைக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனார். அந்தத் தடத்தில் நான்கு வருடமாகப் போகிறேன், அந்தப் பேருந்து அவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை.

செவ்வாய் சாயங்காலம் அவர் பைக்கில் சின்னாத்தாள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். "பதினாலு வருசத்துல ஒரு கடைக்காரங்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்லீங்கக்கா. நாஞ் சொல்லி நீங்க கெட்டுப்போனதா இருக்க வேண்டாம். போனை நானே வாங்குன வெலைக்கு எடுத்துக்கறேன். நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அது அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். எடுத்துக்கொண்டால் கமிஷன் பேச்சு உண்மை என்றே ஊர் முடிவு கட்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

புதன்கிழமை காலை. பேருந்து கோவில்பாளையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் முன்படிக்கட்டுப் பக்கம், அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் போன் அடித்தது. எடுத்து, "யாருங்க?" என்றார்.

மறுமுனையில் அக்காவின் குரல் எனக்கே கேட்டது. "ஏனுங், என்னையத் தெரியலீங்களா? அதுக்குள்ள மறந்தாச்சா? நாந்தான் சின்னாத்தா. சாயங்காலம் அன்னூருக்குப் போனைக் கொண்டாரேன். காசை எடுத்து வெய்யுங்க."

"செரிங்கக்கா" என்றவர் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "அக்கா, இருங்க இருங்க. உங்க நம்பரு என்ற போன்ல பேரோட இருக்குது. கூப்புட்டா சின்னாத்தாக்கான்னு வரும். இப்ப வெறும் நம்பர்தான் வந்துச்சு. புது நம்பரா மாத்திப்போட்டீங்களா?"

"எனக்கேது புது நம்பரு? அதே சிம்முதான், அதே நம்பருதான்."

"இல்லீங்கக்கா. கடைசில ஏழு ஏழு மூணுன்னு வருது."

"அதென்னமோ தெரியலீங்க. ரெண்டு ஒறம்பரைக்காரங்க, எங்க சொந்தந்தான், அவங்ககூட நாங் கூப்புட்டா யாருங்க யாருங்கன்னு கேட்டாங்க. புதுப் போன்ல கொரலு மாறிப்போச்சாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன்."

ஏழு ஏழு மூன்று. அந்த நம்பர் எனக்குத் தெரியும். இரண்டாவது சிம். குடைக்காரர்கள் அதில் ஒரு மாதத்துக்குப் பேச்சு இலவசம் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். சும்மா கிடக்கும் இலவசத்தை வீணாக்குவானேன், அக்காவுக்குக் காசு மிச்சமாகட்டும் என்று எல்லா அழைப்பும் அந்தச் சிம்மிலிருந்தே போகும்படி நான்தான் வைத்துக் கொடுத்திருந்தேன். அக்காவிடம் அதைச் சொல்லவும் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியோ பதிந்து வைத்த நம்பரிலிருந்து அடித்தால்தான் எடுக்கும். ஊரான் போன் அடித்து மோட்டாரைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி ஐந்து நாளாக ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறது. போனும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது.

"அண்ணா" என்றேன். "அது நான் பண்ணுன வேலைங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கோவில்பாளையம் வந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவ்வளவு காற்றை அவர் எத்தனை நாளாக உள்ளே வைத்திருந்தாரோ. பிறகு போனைக் காதில் வைத்து, "அக்கா, போனை எங்கியும் கொண்டுபோகாதீங்க. தம்பி வாராப்ல" என்றார். என்னிடம், "எறங்குங்க. எதுத்தாப்ல வண்டி நிக்குது பாருங்க, போயி மாத்திக் குடுத்துப்போட்டு வாங்க" என்று சொல்லி விசில் அடித்தார்.

கம்பெனிக்கு அரை நாள் லீவு சொன்னேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. அக்கா போனை ஒரு மஞ்சள் பையில் போட்டுச் சுருட்டி, திருப்பிக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார். செட்டிங்ஸுக்குள் போய் அழைப்புகளை முதல் சிம்முக்கு மாற்றினேன். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இப்ப அடிங்கக்கா."

"கரண்டு இருக்குதா?" என்று உள்ளேயிருந்து காளிச்சாமி மாமா கேட்டார்.

"இருக்குது இருக்குது" என்றபடி அக்கா அடித்தார். ஒரு மணி. இரண்டு மணி. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். டக்கென்று பெட்டி எடுத்துக்கொண்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, என் பைக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்கே போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பாத்தியில் சொட்டுக் குழாயின் வாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாய்ந்த நாற்றுகளில் முக்கால்வாசி அடித்தண்டில் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன. அந்த வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து சொன்னதும் அக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது. "ஏஞ்சாமி, அஞ்சு நாளா என்னைய வெயில்ல ஓட உட்டுப்போட்டியே. அந்த மனுசனை வேற என்னென்னவோ பேசிப்போட்டமே" என்றார். பிறகு உட்கார வைத்துச் சோறு போட்டார்.

அன்று மாலை அன்னூர் பேருந்து நிலையத்தில் திருமூர்த்தி அண்ணனைப் பார்த்து மோட்டார் ஓடுவதைச் சொன்னேன். "அக்கா கூப்புட்டுச் சொல்லீட்டாங்க. பேரோட வந்துச்சு" என்றார். பிறகு, "ஒண்ணு மட்டும் பண்ணுங்க தம்பி. எங்கிட்டச் சொன்னதை நாளைக்கு வண்டியில சொல்லிருங்க. நாஞ் சொன்னா எடுபடாது" என்றார்.

வியாழக்கிழமை ஏழு இருபது வண்டி. குரும்பபாளையம் தாண்டியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கே-12-ல் ஒரு குறையும் இல்லை, சிம்மை மாற்றி வைத்தது நான், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதும் நான், கண்டக்டர் அண்ணன் யாரிடமும் பத்துப் பைசா வாங்கவில்லை.

பின்வாசலில் இலைக் கட்டுக்கு மேலேயிருந்து செங்கோடனின் குரல் வந்தது. "அப்ப இஞ்சினியருக்கு எத்தனைங்க கமிஷன்?"

"நாலு முறுக்குங்க!" என்றேன்.

பேருந்தே சிரித்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் செங்கோடன் எழுந்து வந்து திருமூர்த்தி அண்ணனின் தோளில் கை வைத்து, "மனசுல வெச்சுக்காதீங் மாப்ள. என்ற மருமவனுக்குப் போன் எடுக்கோணும். எதுன்னு சொல்லுங்க" என்றார். அண்ணன் அவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். இரண்டு அடி நகர்ந்து, சரவணம்பட்டிப் பெண்ணின் முன்னால் நின்றார்.

"ஏனுங் அம்மணி, இது வாங்கி எத்தனை மாசமாச்சுங்க?"

"போன வாரந்தாங்க அண்ணா."

"அப்ப வேண்டாங்க" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கேள்வியை மறுபடி கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

நிறுத்தி வைத்திருந்த நான்கு வீடுகளும் அந்த மாதமே கே-12 வாங்கின. நான்கையும் நான்தான் செட் பண்ணிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் எந்தச் சிம்மிலிருந்து எது போகும் என்பதை வீட்டுக்காரர்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டு, பெட்டிக்கு ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சின்னாத்தாள் அக்காவுக்குத் தக்காளி ஓரளவு தேறியது. முதல் கூடையை ஏற்றியபோது அண்ணன் லக்கேஜ் காசு வாங்க மறுக்க, அக்கா திணிக்க, வண்டி இரண்டு நிமிடம் தாமதம்.

திருமூர்த்தி அண்ணன் இப்போதும் அதே ஏழு இருபது வண்டியில்தான் இருக்கிறார். மனைவியோடும் அம்மாவோடும் அன்னூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார். போன தீபாவளிக்கு, விலை இறங்கிய பிறகு, தனக்கும் ஒரு கே-12 வாங்கினார். கே-14 வந்து நான்கு மாதம் ஆகிறது. அதைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.